முகவரி இல்லாத வீட்டுக்கு டிஜிட்டல் அடையாளம்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரு லயனில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும். அத்தனை பேருக்கும் விலாசம் ஒன்றுதான்: தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், பக்கத்துத் தபாலகத்தின் பெயர். தபால்காரர் லயன் வாசலுக்கு வருவது அபூர்வம். கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் இறங்கும்; அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை, வங்கிக் கடிதம் தாமதமாகி அடகு நகை ஏலத்துக்குப் போன கதை என்று ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒன்றாவது கிடைக்கும்.

கைத்தொலைபேசி வந்த பிறகுதான் இந்த மக்களுக்கு ஆளுக்கொரு விலாசம் கிடைத்தது. பத்து இலக்கம் கொண்ட அந்த விலாசத்துக்கு வரும் செய்தி கணக்கப்பிள்ளையின் மேசையில் தங்குவதில்லை, துரையின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. கொழும்புக் கடையில் நிற்கும் மகன், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறி நீலகிரியில் தங்கிவிட்ட பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் எனச் சிதறிய குடும்பங்கள் வட்ஸ்அப்பில் மறுபடியும் ஒன்று கூடின. சம்பளப் போராட்டத்துக்கான அழைப்பும் அதே போனில்தான் வந்தது. மண்சரிவு எச்சரிக்கையும் அதில்தான் வந்தாக வேண்டும். இனி அரசாங்கமே அதற்குள் குடிபுகப் போகிறது.

டிஜிட்டல் மயமானால் பழைய பாகுபாடுகள் தாமாகவே ஒழிந்துவிடும் என்று கொழும்பு மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. ஊவா மலைச்சரிவில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. மக்கள் தாமாகக் கையிலெடுத்த தொழில்நுட்பம் அவர்களுடைய குரலை வெளியே கொண்டுபோயிருக்கிறது. மேலிருந்து இறக்கப்படும் தொழில்நுட்பமோ, பதிவேட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் அதே ஓட்டையைக் கணினிக்குள்ளும் கொண்டு போகிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை உணராமல் பதுளையின் கதையைப் பேச முடியாது.

கேட்டைத் தாண்டிய செய்தி

பிரிட்டிஷ் காலத்துத் தோட்டம் வெளியாள் நுழைய முடியாத இடம். அனுமதியின்றி வந்தவரை அத்துமீறி நுழைந்தவர் என்று துரை பொலிஸில் ஒப்படைக்கலாம். கோ. நடேசய்யர் போன்ற தொழிற்சங்க முன்னோடிகள் இந்தக் காவலைத் தாண்டித்தான் தொழிலாளரைச் சந்தித்தார்கள். நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார் என்றாலும், எழுத்தறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய லயன்களில் அந்தச் செய்தி வாய்வழியாகவே பரவ முடிந்தது.

அந்தக் காலத்தில் ஊவாவே ஒருமுறை நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1940இல் பதுளைக்கு அருகே உள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே நடப்பேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள். லங்கா சமசமாஜக் கட்சி தன் வரலாற்றில் பெருமையோடு எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி இது. அந்தப் போராட்ட அலை ஓய்ந்ததற்குப் பொலிஸ் அடக்குமுறை ஒரு காரணம். மற்றொரு காரணம் வெள்ளம். ஊவா ஒரு வாரத்துக்கு மேலாக வெளித்தொடர்பு இல்லாமல் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. பதுளையில் என்ன நடக்கிறது என்பது ஹட்டனுக்கே போய்ச் சேராத நாட்கள் அவை.

78 ஆண்டுகள் கழித்து, 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கூடினார்கள். கோரிக்கை ஒன்றுதான்: ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 1000 ரூபா. அப்போது அது 500 ரூபாவாக இருந்தது. முதலாளிமார் சம்மேளனமும் பெரிய தொழிற்சங்கங்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூடிய அறைக்குள் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தம்தான் அதுவரை சம்பளத்தைத் தீர்மானித்தது. அன்று காலிமுகத்திடலுக்கு ஆள் திரட்டியது சங்கத்து லொறி அல்ல. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றிய அழைப்பைப் பார்த்து, கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் தாமாகவே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொழுந்து பறிப்பவர்கள் அல்லர். கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள். சந்தாப் பணம் கட்டாதவர்கள், எந்தத் தலைவருக்கும் கட்டுப்படாதவர்கள்.

உடனே என்ன கிடைத்தது என்றால், ஏமாற்றம்தான். 2019 ஜனவரியில் 700 ரூபாவுக்குக் கையெழுத்தாயிற்று. ஆனால் 1000 என்ற எண் அதற்குப் பிறகு யாராலும் விழுங்க முடியாத எண்ணாகிவிட்டது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை அதை வர்த்தமானியில் போட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1000 ரூபா வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஒருநாள் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதைத் தோட்ட நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ள, தட்டிக்கேட்க ஓர் ஒப்பந்தம் இல்லாத நிலை வந்தது. போனில் ஆள் திரட்டலாம். தினமும் பிரட்டுக் களத்தில் நின்று கங்காணியோடு வாதாடுவதற்கு ஓர் அமைப்பு வேண்டும். அந்தப் பழைய சங்கங்கள் தங்கள் தவறுகளால் செல்வாக்கை இழந்தன. புதிய தலைமுறை அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை என்பதே என் கருத்து.

என்றாலும் வாக்குச்சீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து தேசிய மக்கள் சக்தியின் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் பாராளுமன்றம் போனார்கள். அம்பிகாவும் நுவரெலியாவின் கலைச்செல்வியுமாக, மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்ற ஆசனத்தில் அமர்ந்தது அதுவே முதல் முறை. பரம்பரையாய் வாக்குகளைக் கட்டிக் கொடுத்த தலைவர்களின் பிடி தளர்ந்ததில் போனுக்கு எவ்வளவு பங்கு, பொருளாதார நெருக்கடியின் கோபத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

போனைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. வதந்திக்கும் அதே வேகம் உண்டு. வெறுப்பு பரவ இணையம் வேண்டியதில்லை என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி: 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அன்று பேஸ்புக் என்று ஒன்றே இல்லை. ஆனால் 2018 மார்ச்சில் கண்டி திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது அது இருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் படித்து நீக்கப் போதிய ஆட்கள் இல்லாமல் அந்த நிறுவனம் திணறியது. அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதத்தில்தான் பேஸ்புக் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. கலிபோர்னியாவில் இருக்கும் கம்பனி ஒன்றைக் கண்டியில் எரிந்த கடைக்காகப் பதில் சொல்ல வைப்பது எப்படி என்ற கேள்விக்கு இலங்கை கண்ட விடை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். கம்பனியைவிடப் பதிவு போடும் சாதாரண ஆளையே அது அதிகம் மிரட்டுகிறது என்பதுதான் விமர்சகர்களின் குற்றச்சாட்டு. சம்பளம் கேட்டு நாளை ஒரு பதிவு போடும் பையனையும் அந்தச் சட்டம் தொடலாம்.

எச்சரிக்கை வரும் மொழி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதிலேயே பல நாள் குழப்பம். முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பிறகு பல மடங்கு குறைந்தது. அந்த லயன்களில் அன்று யார் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடிய பதிவேடு எந்த அலுவலகத்திலும் சரியாக இல்லை என்பதுதான் இதன் பொருள். அதைவிடக் கொடுமை, அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகம்விட்டு அலுவலகம் போயிற்று. மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மலை இறங்கி லயன்களை அழித்தது.

இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாடு முழுக்கத் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அறிவியலில் குறையில்லை. மழைமானியிலிருந்து கொழும்புக்குத் தரவு போக நொடிகள் போதும். கொழும்பிலிருந்து பத்தாம் நம்பர் லயனுக்குத் திரும்பி வரும் பாதையில்தான் எல்லாம் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்தப் பாதை எவ்வளவு நொய்ந்தது என்று நாடே பார்த்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பேரிடரில் கண்டி, நுவரெலியாவோடு பதுளையும் மிக மோசமாக அடிபட்டது. மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, வீதிகள் அறுந்தன. 1940 போலவே மலைக்கிராமங்கள் தனித்தீவுகளாயின. வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் விடுத்த எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தி வந்தன என்ற குற்றச்சாட்டு அந்த நாட்களிலேயே உரக்க எழுந்தது. அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழிதான். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகங்கள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் பலர் சரிவுகளின் விளிம்பில், வெள்ளைக்காரன் குதிரை கட்டவும் யோசிக்கும் இடத்தில் கட்டிய லயன்களில் குடியிருப்பவர்கள். சிவப்பு எச்சரிக்கை முதலில் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுடைய மொழியில் அது கடைசியாகப் போகிறது.

உலகமெங்கும் ஒவ்வொரு மனிதருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்கச் செய்வோம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அன்டோனியோ குட்டெரெஸ் 2022 மார்ச்சில் அறிவித்தார். காலக்கெடு 2027 முடிவு. செயற்கைக்கோள், கணினி மாதிரி, நிதியம் எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு. பதுளைக்கு அதில் முதலில் தேவைப்படுவது மிக மலிவான பொருள்: இரவு பதினொரு மணிக்கும் விழித்திருந்து மூன்று வரியைத் தமிழில் தட்டச்சுச் செய்து அனுப்பக்கூடிய ஓர் உத்தியோகத்தர். அதோடு, தொலைபேசிக் கோபுரம் விழுந்தாலும் வேலை செய்யக்கூடிய கோயில் ஒலிபெருக்கி.

கைரேகையும் பிறப்புச் சான்றிதழும்

இந்த மக்களின் அரசியல் வரலாறே கடதாசியின் வரலாறுதான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தார்கள் என்று கடதாசியில் காட்டச் சொன்னார்கள். காட்ட முடியாத ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகும் நாடற்றவர்களாக எஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது புதிய கடதாசி வருகிறது; கடதாசியாக இல்லாமல், கைரேகை, கருவிழி, முகம் என உடலிலிருந்தே எடுக்கப்படும் தனித்துவ டிஜிட்டல் அடையாளமாக. இந்தியாவின் நன்கொடையில் நடக்கும் திட்டம் இது. 2022இல் உடன்பாடு, 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணம். அதேபோன்ற அடையாளமான ஆதாரை உருவாக்கிய அனுபவத்தை இந்தியா தன் 2023 ஜி20 தலைமையின்போது உலகத்துக்கே எடுத்து நீட்டியது. யாருடைய முன்னோரை 'இந்தியர்' என்று சொல்லி இலங்கை ஒதுக்கியதோ, யாரை ஏற்பதில் டில்லியும் கொழும்பும் தலைக்கணக்கில் பேரம் பேசினவோ, அந்த மக்களின் விரல்ரேகையைப் பதியும் இயந்திரம் இந்தியப் பணத்தில் வருகிறது. மக்களின் தரவு இந்தியக் கம்பனிகளின் கைக்குப் போகுமோ என்று கொழும்பில் நடக்கும் விவாதம் நியாயமானதே. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் சட்டமும் இயற்றியாயிற்று. தோட்டத்தின் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

கவ்வாத்துக் கத்தி பிடித்தும் கொழுந்து கிள்ளியும் தேய்ந்த விரலில் ரேகை தெளிவாக விழுமா? உடலுழைப்பாளர்களின் கைரேகை பொருந்தாமல் ரேஷன் மறுக்கப்பட்ட சம்பவங்கள் இந்தியாவின் ஜார்க்கண்டிலிருந்து எத்தனையோ செய்தியாகியிருக்கின்றன. அதற்கும் முன்னால் பெயர்ப் பிரச்சினை. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் காதில் விழுந்தபடி எழுதிய பிறப்புச் சான்றிதழ், அதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதிய பாடசாலைப் பதிவு, அடையாள அட்டையில் மூன்றாவது விதம். இதுநாள்வரை கிராம உத்தியோகத்தர் ஆளை நேரில் பார்த்து, இது அதே முத்துலெட்சுமிதான் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். கணினி அப்படிப் பார்க்காது. எழுத்து மாறினால் ஆளே வேறு.

இதன் ஒத்திகை ஏற்கெனவே நடந்துவிட்டது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நிவாரணத்தில் வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் என 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டுக் கணினிதான் வறியவரைத் தேர்ந்தெடுத்தது. அரசியல்வாதியின் சிபாரிசுக்கு இடமில்லை என்பது நல்ல நோக்கம். பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரே லயன் அறையைப் பலகையால் தடுத்துப் பெற்றோரும் மணமான மகனும் வாழ்கிறார்கள் என்றால், அந்தப் படிவத்துக்கு அது ஒரு குடும்பமா, இரண்டா? தவறு எங்கே நேர்ந்தது என்று பார்க்க இணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒருநாள் பேரை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பசறைக்கோ பண்டாரவளைக்கோ இறங்கி, அங்கே ஒரு கொமியுனிகேஷன் கடையில் காசு கொடுத்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். முன்பு கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். இப்போது அவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தொழிலாளியின் அடையாள அட்டை இலக்கமும் போனுக்கு வரும் ஓடிபியும் அந்த முன்பின் தெரியாத ஆளின் கையில்.

இணைப்பே எட்டாத இடங்களும் உண்டு. கொரோனாவில் பாடசாலைகள் மூடிக் கிடந்த 2021இல், லுணுகலைப் பக்கத்துப் போகிட்டியாவ கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் ஆசிரியையும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறையுச்சியில் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. நாட்டின் 43 லட்சம் மாணவர்களில் அதிகபட்சம் நாற்பது சதவீதத்தினரே இணையவழி வகுப்பில் சேர முடிகிறது என்று அப்போது ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் சொன்னார். ஊவாவின் இந்த வறுமைக்கு இன பேதமில்லை என்பதையும் அந்தப் பாறை காட்டியது. 2024 செப்டெம்பரில் நியூயோர்க்கில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட உலகளாவிய டிஜிட்டல் உடன்பாடு 2030க்குள் எல்லாப் பாடசாலைகளையும் இணையத்தில் இணைக்க உறுதி சொல்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. அதன் மாதக் கட்டணம் ஒரு தோட்டத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைத் தாண்டும். ஐம்பது ரூபா ரீலோட் போட்டு ஒப்பேற்றும் வீட்டுக்கு வானத்திலிருந்து வந்தாலும் அது எட்டாது.

ஆக, எதிலிருந்து தொடங்குவது? விலாசத்திலிருந்து. 2025 ஒக்டோபர் 12 அன்று பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இந்திய வீடமைப்புத் திட்டப் பயனாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார். நல்ல தொடக்கம், ஆனால் லயன்களில் இருப்போர் தொகையோடு ஒப்பிட்டால் சொற்பம். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே ஒவ்வொரு லயன் கதவுக்கும் இலக்கம், ஒவ்வொரு தோட்டப் பாதைக்கும் பெயர், தபால்காரர் வாசல்வரை வருவது ஆகியவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. விரல்ரேகை இயந்திரம் தோட்டத்துக்கு ஏறுமுன் இவை நடந்தாக வேண்டும். பெயர் எழுத்துத் திருத்தத்துக்கு நடமாடும் சேவை ஒன்று தமிழில் நடந்தாக வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், இந்த நாட்டுப் பிரஜை எவருக்கும் உரியது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். சாதாரணக் கேள்விக்கு 14 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். மீரியபெத்தவைப் பற்றிய எச்சரிக்கைகள் ஒன்பது ஆண்டுகள் கோப்பில் கிடந்தன. உங்கள் லயன் மண்சரிவு அபாய வலயத்துக்குள் இருக்கிறதா, இருந்தால் எப்போது அறிவித்தார்கள், யாருக்கு அறிவித்தார்கள், மாற்று நிலம் எங்கே என்ற நான்கு கேள்விகளையும் உங்கள் பிரதேச செயலகத்திடம் தமிழிலேயே கேளுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் கேளுங்கள்.